வேற்றுமொழிப் பிள்ளை வகுப்பில் வந்து உட்காரும்போது: அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜூன் மாதம் திருப்பூரில் ஏதாவதோர் அரசுத் தொடக்கப் பள்ளியின் வாசலில் காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். பனியன் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓர் அப்பா நிற்பார். கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆதார் நகல், கூடிப்போனால் ஒரு தடுப்பூசி அட்டை. பக்கத்தில் நிறைய எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒரு பிள்ளை. அவருக்கும் உங்களுக்கும் பொதுவாக இருப்பது "அட்மிஷன்" என்ற ஒரே சொல்தான்.

முன்பெல்லாம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆண்கள் தனியாக வந்து, ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போவார்கள். இப்போது குடும்பத்தோடு வந்து லைன் வீட்டில் குடியேறுகிறார்கள். திருப்பூரில் மட்டுமில்லை. ஒரகடம், ஓசூர், கோவை, நாமக்கல் கோழிப்பண்ணைகள், திருவள்ளூர் செங்கல் சூளைகள் என்று எங்கே வேலை இருக்கிறதோ அங்கே இருக்கும் பள்ளிக்கு இந்தப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் அப்படியொரு பள்ளியில் இடைநிலை ஆசிரியர். ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறு, தமிழ் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று நேராக அ, ஆவிலிருந்து தொடங்கியது. அனுபவத்தில் பார்த்தால் தமிழ் ஐந்தாவது வேலை. அதற்கு முன்னால் நான்கு வேலைகள் இருக்கின்றன. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: மேசையிலிருந்து திருப்பி அனுப்பாதீர்கள்

பல பிள்ளைகளை நாம் இழப்பது அலுவலக மேசையில்தான். "டி.சி. வாங்கிட்டு வாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். அந்த டி.சி. 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியின் பீரோவுக்குள் இருக்கும். போய்வர ஒரு வாரம், ரயில் செலவு, ஒரு வாரக் கூலி. அந்த அப்பா திரும்ப வரமாட்டார். பிள்ளை லைன் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் (2009) 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பிரிவு 5: டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. பிரிவு 15: பள்ளி திறந்து மாதங்கள் ஆகிவிட்டாலும் சேர்க்க வேண்டும். பிரிவு 9 புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பதை உள்ளாட்சி அமைப்பின் கடமையாகவே வைக்கிறது. ஆதார் கட்டாயமா என்று கேட்டால், பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவேட்டில் ஆதார் கட்டத்தை எப்படி நிரப்புவது என்ற கவலை நம்முடையது, அதைப் பெற்றோர் தலையில் வைக்க வேண்டாம்.

இந்தப் பிரிவுகளை ஒரே தாளில் அச்சடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். தலைமை ஆசிரியர் விடுப்பில் இருக்கும் நாளில் மேசையில் உட்காருகிறவருக்கு அது உதவும். "டி.சி. இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்வோம், கட்டணம் இல்லை, காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் உண்டு" என்ற மூன்று வரியை இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். போன் மொழிபெயர்ப்பை அப்படியே நம்பாமல், எழுத்துத் தெரிந்த ஒரு பெற்றோரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பத்து வயதுப் பையனைத் தமிழ் தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். பிரிவு 4 வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்கச் சொல்கிறது. விடுபட்டதை ஈடுகட்டத் தனிப் பயிற்சி தர வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி அந்தப் பயிற்சி குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்காரும் பையன் பத்து நாளில் நின்றுவிடுவான். எங்கள் பள்ளியில் ஒருவன் அப்படி நின்றுதான் நாங்கள் இதைக் கற்றுக்கொண்டோம்.

படி 2: பெயரைச் சரியாக எழுதுங்கள்

சின்ன விஷயமாகத் தெரியும். பின்னால் பெரிய தலைவலி இதில்தான் வரும். நமக்கு இனிஷியல், அவர்களுக்குப் பின்னொட்டு. பீகார்ப் பெண்பிள்ளைகள் பலருக்குப் பெயருக்குப் பின்னால் "குமாரி" இருக்கும். நம் ஊரில் குமாரி என்றால் செல்வி மாதிரி ஓர் அடைமொழி. அதனால் எங்கள் பதிவேட்டில் ஒரு பிள்ளைக்கு அதை வெட்டிவிட்டு, அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதிவிட்டார்கள். ஆதாரில் ஒரு பெயர், எமிஸில் ஒரு பெயர். வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோதுதான் குட்டு உடைந்தது. சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆதாரில் உள்ளபடி ஆங்கில எழுத்துகளை ஒன்றுவிடாமல் பார்த்து எழுதுங்கள். இனிஷியல் கட்டாயம் என்று நீங்களாக ஒன்றைச் சேர்க்காதீர்கள். உச்சரிப்புக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிள்ளையின் பெயரை அம்மாவைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு தடவை கேட்டால் வந்துவிடும். கூப்பிட வசதியாக "ராஜா", "செல்வி" என்று புதுப் பெயர் வைப்பது செல்லமாகத் தோன்றலாம். பிள்ளைக்கு அது செல்லமில்லை.

படி 3: மூன்று கேள்வி கேளுங்கள்

ஆசிரியர் அறையில் நாம் எல்லாரையும் சேர்த்து "ஹிந்திக்காரப் பசங்க" என்போம். பீகாரிலிருந்து வந்த பிள்ளையின் வீட்டு மொழி பெரும்பாலும் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோவாக இருக்கும். மேற்கு ஒடிசாப் பிள்ளை சம்பல்புரி பேசும். ஜார்க்கண்டிலிருந்து வந்தால் சந்தாலியாக இருக்கலாம், அதற்கு ஒல் சிக்கி என்று தனி எழுத்தே இருக்கிறது. இந்தி தெரிந்த ஓர் ஆசிரியர் பள்ளியில் இருந்தும் பிள்ளை வாயே திறக்கவில்லை என்றால் காரணம் இதுதான்.

சேர்க்கும்போதே கேட்க வேண்டியவை: வீட்டில் அம்மா என்ன மொழி பேசுவார்? பிள்ளைக்கு எந்த எழுத்தை வாசிக்கத் தெரியும்? இங்கே எத்தனை மாதம் இருப்பீர்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். நிலையாகத் தங்கும் குடும்பமும் சீசனுக்கு வந்துபோகும் குடும்பமும் ஒன்றில்லை. செங்கல் சூளைக்கு வரும் ஒடிசாக் குடும்பங்கள் மழைக்காலம் வரும்முன் ஊர் திரும்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளை மறுபடி போய் உட்காரப் போவது ஒடியா வகுப்பில். ஐந்தாறு மாதம் தமிழ் எழுத்தை மட்டும் போட்டுத் திணித்தால் இங்கேயும் ஒட்டாது, அங்கேயும் விட்டுப்போகும். திருவள்ளூர்ச் சூளைப் பகுதிகளில் ஒடியா பாடநூல்களை வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களை வைத்தே சூளைக்குப் பக்கத்திலேயே பள்ளிகள் நடத்தியிருக்கிறார்கள். அதுதான் சரியான வழி என்பது என் கருத்து. பேச்சுத் தமிழ் போதும், எழுத்து ஒடியாவில் தொடரட்டும். மூன்று நான்கு வருடம் இருக்கப்போகும் திருப்பூர்ப் பிள்ளைக்கு இதே யோசனையைச் சொல்லமாட்டேன். அதற்குத் தமிழ் முழுதாக வேண்டும்.

படி 4: முதல் வாரம் கழிப்பறையிலிருந்து தொடங்கும்

ஒரு பெண்பிள்ளை. மூன்றாம் வகுப்பு. சேர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சமத்து, சத்தமே இல்லை என்று நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் நாள் மதியம் வகுப்பிலேயே பாவாடை நனைந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, நான்கு நாளாக அவள் காலையிலிருந்து மாலைவரை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கே இருக்கிறது என்று தெரியாது, எப்படிக் கேட்பது என்றும் தெரியாது. அதனால் தண்ணீரும் குடிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதிலிருந்து எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். சேர்ந்த அன்றே, அதே வயதுப் பிள்ளை ஒன்று, பெண்ணுக்குப் பெண், பையனுக்குப் பையன், கையைப் பிடித்துப் பள்ளியைச் சுற்றிக் காட்ட வேண்டும். கழிப்பறை, குழாய், சாப்பிடும் இடம், தட்டு கழுவும் இடம். அப்புறம் ஆறு படம் வரைந்த ஓர் அட்டையைக் கயிறு கட்டிக் கொடுத்துவிடுவோம்: கழிப்பறை, தண்ணீர், வயிற்றுவலி, பசி, அடிக்கிறார்கள், புரியவில்லை. எந்தப் படத்தைத் தொட்டாலும் டீச்சர் உடனே எழுந்து வருவார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அட்டை பைக்குள் போய்விடும்.

சாப்பாட்டில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். முதல் ஷிப்டுக்குப் போகும் அம்மா ஏழரைக்கே கிளம்பிவிடுவார். ஆனால் புளிப்புச் சாம்பார் சிலருக்கு முதலில் இறங்காது. "கொழுப்பு, வீணடிக்குது" என்று சொல்லாமல் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு, சத்துணவு அமைப்பாளரிடம் முதல் நாளே பெயரைச் சொல்லிவிடுங்கள். வடக்கிலிருந்து வந்தால் சைவம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பீகார், ஒடிசா, வங்காளம் மூன்றிலும் மீன் பிரியர்கள்தான் அதிகம்.

ஓர் எச்சரிக்கை. அக்கா ஐந்தாம் வகுப்பில் இருந்தால், தம்பிக்கு மொழிபெயர்க்க அவளைத் தினமும் நாலு தடவை கூப்பிடுவோம். அவள் பாடம் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் இடைவேளையில் என்று வரையறை வையுங்கள்.

படி 5: இப்போது தமிழ்

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்தியும் தமிழும் வேறு வேறு குடும்பம் என்றாலும் வாக்கியம் கட்டும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டிலும் வினை கடைசியில் வரும். "எனக்குப் பசிக்கிறது" என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை இந்தியிலும் "முஜே பூக் லகீ ஹை" என்று அதே தோரணையில்தான் சொல்வார்கள். வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னால்தான் வரும். ஆகவே சொல் பழகிவிட்டால் வாக்கியம் வேகமாக வரும். ஒடியா, வங்காளப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் நம் பிள்ளைகள் படும் பாட்டில் பாதிகூட இவர்களுக்கு இல்லை.

சிக்கல் எழுத்தில். இந்தியின் எழுத்தான தேவநாகரியை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு க என்ற ஒரே ஒலிவரிசைக்கு நான்கு எழுத்து தெரியும். இங்கே ஒரே எழுத்து. பக்கம், தங்கம், தாகம் மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். க மூன்று விதமாக ஒலிக்கிறது. நமக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் நாம் காதால் கற்றவர்கள். அந்தப் பிள்ளை கண்ணால் கற்க வருகிறது. அதனால் அரிச்சுவடி அட்டையைத் தூக்கும்முன் இந்த விதியைச் சொல்லிவிடுங்கள்: சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின்னும் உயிருக்கு நடுவிலும் மென்மை. பட்டம், பாடம். பத்து, பாதை. ஒரு வாரம் இப்படிச் சோடி சோடியாகச் சொல்ல வைத்தால் பிடித்துக்கொள்ளும். ழகரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நம்மில் எத்தனை பேர் சரியாகச் சொல்கிறோம்?

பேச்சில் வரும் பிழைகள் எல்லாம் அதன் மொழியிலிருந்து வருபவை, மந்தத்தால் வருபவை இல்லை. "பஸ் வந்தாள்" என்று ஒருவன் சொன்னான். வகுப்பே சிரித்தது. இந்தியில் பஸ் பெண்பால். அவன் இலக்கணப்படி சரியாகத்தான் யோசித்திருக்கிறான். அன்றைக்கு உயர்திணை, அஃறிணைப் பாடத்தை அந்த பஸ்ஸை வைத்தே நடத்தினேன். நம் பிள்ளைகளுக்கே அது அன்றுதான் புரிந்தது. இன்னொரு பிள்ளை எதற்கெடுத்தாலும் "நாங்க பசிக்குது", "நாங்க வரல" என்றது. பீகார்ப் பக்கம் "ஹம்" என்றால் நான். அதே "ஹம்"தான் இந்தியில் நாம், நாங்கள் இரண்டும். நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளையாட்டு நேரத்தில் சொல்லிக்கொடுங்கள். மைதானத்தில் "நாங்க விளையாடுறோம்" என்று கேட்டால் அது தன்னைச் சேர்க்கவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். "நாம விளையாடலாம்" என்று கூப்பிட வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இவர்களைத் தமிழுக்கு அரும்பு என்ற ஆரம்ப நிலையில் வையுங்கள், சரி. ஆனால் கணக்குக்கும் சேர்த்து அரும்பில் தள்ளாதீர்கள். "தோ ஏகம் தோ, தோ தூனி சார்" என்று வாய்ப்பாட்டை ராகத்தோடு இருபது வரை ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. அதை வகுப்பின் முன்னால் நின்று சொல்ல விடுங்கள், விடையைக் கரும்பலகையில் எண்ணால் எழுதட்டும். எண் எல்லாருக்கும் பொது. கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் வந்துவிட்டால் தமிழ் கற்கும் கூச்சம் பாதி போய்விடும்.

வீட்டில் தமிழ் பேசுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். தெரியாத மொழியில் அம்மா எப்படிக் கதை சொல்வார்? பக்கத்து கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டம் நேர் எதிர் வழியில் போனது. பிள்ளையின் மொழி தெரிந்த தன்னார்வலர்களை வைத்து, அந்த மொழி வழியாகவே மலையாளத்துக்குக் கூட்டிப்போனார்கள். நமக்குத் தனிப் பணியிடம் கிடைக்காவிட்டாலும், லைன் வீட்டில் பன்னிரண்டாவது படித்த ஓர் அம்மா கட்டாயம் இருப்பார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கேட்டுப் பாருங்கள்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளையின் கதை வேறு. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ் கற்றல் சட்டம் (2006) ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாக வந்து, 2015-16இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. பொதுத்தேர்வில் தமிழ்த் தாளை எப்படி எதிர்கொள்வது என்பதைச் சேர்ந்த முதல் மாதமே முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். ஜனவரியில் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

படி 6: கடைசி பெஞ்சை உடையுங்கள்

தானாக விட்டால் இவர்கள் கடைசி பெஞ்சில் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். முதல் மாதம் பக்கத்தில் ஒரு சொந்த மொழிக்காரன் இருப்பது நல்லது. அதற்குப் பிறகு இடம் மாற்றுங்கள். எப்படி? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது என்று பல பரிந்துரைகள். அதில் ஒன்று அகர வரிசையில் உட்கார வைப்பது. சாதிக்காகச் சொன்ன யோசனைதான், வேற்றுமொழிப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்துகிறது. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்காத வரிசை அது.

"வடக்கன்", "பானிபூரி", "பான்பராக்" என்று பட்டப்பெயர்கள் வரும். பிள்ளைகளைக் கண்டிக்கும் முன் ஆசிரியர் அறையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்ற ஒரே விதியை ஆசிரியர்கள் முதலில் கடைப்பிடித்தால் போதும், பிள்ளைகள் பின்னால் வந்துவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளும் தங்கள் ஊர்ச் சாதியைச் சுமந்துதான் வருகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வகுப்பில் எழுப்பி நிறுத்திச் சாதி கேட்பது யாரிடமும் கூடாது.

பண்டிகை, கலாசார விழா பற்றிக் கேட்பீர்கள். தலைப்பாகை கட்டிப் பஞ்சாபியாக ஒருவன், மூங்கில் கூடையோடு அசாமியாக ஒருத்தி என்று மேடையில் நிறுத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் பீகாரின் சத் பூஜை, ஹோலி, மேற்கு ஒடிசாவின் அறுவடைத் திருநாளான நுவாகாய், துர்கா பூஜை, ஈத் தேதிகளை எழுதிவைத்து, அன்றைக்குத் தேர்வு வைக்காமல் இருந்தாலே அவர்கள் மதிப்பார்கள்.

படி 7: பெற்றோரை அவர்கள் நேரத்தில் பிடியுங்கள்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. புதன் மதியம் மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம் போட்டுவிட்டு "அவங்களுக்கு அக்கறையில்லை" என்று சொல்லக் கூடாது. மாதம் ஒரு ஞாயிறு, லைன் வீட்டு முற்றத்திலேயே அரை மணி நேரம் நின்று பேசுங்கள். வாட்ஸாப்பில் எழுதாதீர்கள், குரல் பதிவு அனுப்புங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. அதில் ஒரு இடம் இந்த அம்மாக்களில் ஒருவருக்குப் போகட்டும். முதல் கூட்டத்தில் பேசமாட்டார். மூன்றாவதில் பேசுவார்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, ஹோலி நேரமும் சேர்ந்துகொள்ள, பலர் பிள்ளைகளோடு ரயிலேறினார்கள். அந்த வாரம் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவர் போஜ்புரியில் பேசி அனுப்பிய ஒரு நிமிடக் குரல் பதிவு செய்த வேலையை எந்தச் சுற்றறிக்கையும் செய்திருக்காது. "ஸ்கூல் திறந்திருக்கு, பிள்ளைகள் நல்லா இருக்காங்க, நான் இப்ப வாசல்லதான் நிற்கிறேன்" என்று அவ்வளவுதான் சொன்னார்.

படி 8: போவதும் திரும்பி வருவதும்

தீபாவளிக்கு ஆறாம் நாள் சத். போனால் திரும்பப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். நீண்ட நாள் வரவில்லை என்று எமிஸில் பள்ளியை விட்டுப் போனவர்களுக்கான பொதுத் தொகுப்புக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். முதலில் போன் செய்யுங்கள். ஊருக்குக் கிளம்பும்முன்னே எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை கையில் ஒரு நோட்டும் பத்துப் பக்க வேலையும் கொடுத்துவிடுங்கள். நிரந்தரமாகப் போகிறார்கள் என்றால் டி.சி.யை அன்றே போட்டுக் கொடுங்கள், கூடவே பிள்ளைக்கு என்னென்ன தெரியும் என்று ஆங்கிலத்தில் அரைப் பக்கம். அங்கே வாங்கும் ஆசிரியருக்கு நம் தமிழ் மதிப்பெண் பட்டியல் புரியாது. சிக்கல் ஏதும் வந்தால் பெற்றோரிடம் கொடுக்க 14417 என்ற கல்வித் துறை உதவி எண்ணைத் தாளின் கீழே எழுதிவையுங்கள்.

போன நவம்பரில் அந்த "நாங்க பசிக்குது" பிள்ளை பதினெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். நோட்டில் ஆறு பக்கம் எழுதியிருந்தாள், நான்கு பக்கத்தில் தம்பி கிறுக்கியிருந்தான். செய்தித்தாளில் சுற்றிய டேக்குவா என்ற சத் பலகாரத்தை மேசையில் வைத்துவிட்டு, என் பங்கை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மீதியோடு தன் பெஞ்சுக்குப் போனாள். "வாங்கடி, நாம சாப்பிடலாம்" என்று அவள் கூப்பிட்டது எனக்கு மேசை வரை கேட்டது.